மாலத்தீவு: பெயரும் வழக்கும்

தூத்துக்குடித் துறையினின்று தென்மேற்கே நேர்க்கோட்டில் அளந்தால், 700 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதியான தொலைவில், மாலே என்னும் சிறுநகர் கடல்நடுவே அமைந்திருக்கின்றது. அதனைத் தலைநகராக உடைய நாட்டை நாம் எப்பெயரால் வழங்குகின்றோம்? ஓர் ஏட்டில் ‘மாலத்தீவு’ என்றும், பிறிதோர் ஏட்டில் ‘மாலத்தீவுகள்’ என்றும், ஈழநாட்டு ஏடுகளில் ‘மாலைதீவு’ என்றும் காண்கின்றோம். ஆங்கில ஒலியை அவ்வாறே ஏற்று ‘மால்டீவ்ஸ்’ என்று எழுதுவாரும் உளர். தலைநகரின் பெயரும் ‘மாலே’ என்றும் ‘மாலி’ என்றும் தடுமாறுகின்றது. பின்னது ஆப்பிரிக்கக் கண்டத்தில் கடற்கரையே இல்லாத வேறொரு நாட்டின் பெயராகும். பொருள் விளங்கினாற் போதாதோ, பெயரைப் பற்றி இத்துணை ஆராய்ச்சி எதற்கு என்று மாணவர் சிலர் வினவக்கூடும். ஒரு நாட்டிற்கு நாம் இடும் பெயரில், அந்நாட்டினரை நாம் எவ்வாறு நோக்கினோம் என்பது அடங்கியிருக்கின்றது. ஆதலின் இப்பெயரின் வரலாற்றைச் சிறிது காண்போம்.

இஃது ஏதோ ஒரு தூரதேசத்தைப் பற்றிய ஆராய்ச்சியன்று. நம் துறையிலிருந்து பாய்மரத் தோணிகள் நெடுங்காலமாக மாலேக்குச் சென்று வந்தன. தென்மேற்குப் பருவக்காற்று ஓங்கும் மாதங்களில் தோணிகளைக் கட்டிவைத்து, கடல் தணிந்தபின் அவற்றை மீண்டும் ஓட்டுதல் இங்குள்ள வழக்கம். அரிசியும் வெங்காயமும் காய்கறியும் கட்டடப் பொருள்களும் அங்கே போயின. 1981-ஆம் ஆண்டில் இந்தியாவும் மாலத்தீவும் வணிக உடன்படிக்கை ஒன்று செய்துகொண்டன. 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 7-ஆம் நாள், பெருந்தொற்றினால் அங்கே தங்கிவிட்ட இந்தியர் ஏறக்குறைய 700 பேரை ஏற்றிக்கொண்டு ‘ஜலாஷ்வா’ என்னும் கடற்படைக் கப்பல் தூத்துக்குடிக்கு வந்தது. அவ்வாண்டே செப்டம்பர் 21-ஆம் நாள் இங்கிருந்து கொச்சி வழியாக அந்நாட்டிற்குச் சரக்குக் கப்பல் ஒன்று புறப்பட்டது. 2024-இல், அந்நாட்டிற்கு இன்றியமையாப் பொருள்களை ஏற்றுமதி செய்தற்கு இந்திய அரசு குறித்த துறைமுகங்களுள் நம் தூத்துக்குடியும் ஒன்று. அண்டை வீட்டாரின் பெயரைப் பிழையின்றிச் சொல்லக் கற்றல் நமக்கு முறையேயாம்.

நாட்டின் இயல்பைச் சுருங்கச் சொல்வோம். வடக்குத் தெற்காக 800 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு, நிலநடுக்கோட்டையும் கடந்து செல்லும் பவளத் தீவுகளின் வரிசை அது. தீவுகள் ஏறக்குறைய 1,200. அவற்றுள் மக்கள் குடியிருப்பன இருநூற்றுக்கும் குறைவு. நிலப்பரப்பு முழுவதையும் ஒன்றாகச் சேர்த்தாலும் 300 சதுரக் கிலோமீட்டரளவே தேறும். தீவுகள் வளையம் வளையமாக அமைந்திருக்கின்றன. வளையத்தின் உட்புறம் ஆழமில்லாத அமைதியான நீர். அவ்வளையத்தைத் தீவினர் ‘அதொளு’ என்பர். 1602-இல் அங்கே கப்பலுடைந்து கரையேறி ஐந்தாண்டு தங்கிய பிரான்சுவா பிரார் என்னும் பிரெஞ்சுக்காரர் அச்சொல்லைத் தம் நூலிற் பதிவு செய்தார். ஐரோப்பிய மொழிகளில் இன்று வழங்கும் ‘அட்டோல்’ என்னும் சொல்லின் மூலம் இதுவே. உலகிலுள்ள நிலநூல் மாணவரெல்லாம் அறிந்தோ அறியாமலோ திவெகி மொழியின் சொல் ஒன்றை நாள்தோறும் சொல்லுகின்றனர்!

இனிப் பெயர்களுக்கு வருவோம். அம்மியானுஸ் மார்செல்லினுஸ் என்னும் உரோம வரலாற்றாசிரியர், 362-ஆம் ஆண்டளவில் யூலியன் பேரரசனுக்குத் தூதனுப்பிய கீழ்நாட்டினருள் ‘தீவி’ என்பாரையும் ‘செரெந்தீவி’ என்பாரையும் குறிக்கின்றார். பின்னவர் ஈழத்தவர் என்பது தெளிவு. முன்னவர் மாலத்தீவினர் என்பது அறிஞர் பலரின் கருத்து. இங்கே ‘மால’ என்னும் முற்பகுதி இல்லை; வெறும் ‘தீவு’ மட்டுமே பெயராக நிற்கின்றது. இதனை நினைவிற் கொள்க.

1030-ஆம் ஆண்டளவில் இந்தியாவைப் பற்றி அரபு மொழியில் விரிவான நூல் இயற்றிய அல்பிரூனி, இக்கடலிலுள்ள தீவுகளை அவற்றின் சரக்கினால் இருகூறாக்கினார். சோழி தரும் தீவுகள் ‘தீவ குடா’. தேங்காய் நாரினாற் கயிறு தரும் தீவுகள் ‘தீவ கன்பார்’. கடலினுள்ளே தென்னை மட்டைகளை நட்டுவைத்து அவற்றில் ஒட்டும் சோழிகளைச் சேர்ப்பர் என்றும், கயிறு கப்பற் பலகைகளைத் தைத்தற்கு உதவும் என்றும் அவர் எழுதுகின்றார். வணிகர் கண்ணுக்கு அத்தீவுகள் இரண்டு பண்டசாலைகளாகவே தோன்றின போலும்.

இதில் நாம் வியத்தற்கு ஒன்றுமில்லை. நம் கரைக்கும் அந்நியர் அவ்வாறே பெயரிட்டனர். போர்ச்சுகீசியர் இதனை மீன்பிடிகரை என்னும் பொருள்படத் தம் மொழியில் அழைத்தனர். அம்மொழியில் அவர் கருதியது முத்துக்குளிப்பேயாகும். ஆங்கிலேயரும் முத்துக்குளித்துறை என்னும் பொருளிலேயே எழுதிவந்தனர். கொற்கை, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு என்று ஊர்தோறும் தனிப்பெயர் இருக்க, வெளியார்க்குத் தெரிந்தது முத்து ஒன்றே. தூத்துக்குடிக் கடலில் இறுதியாக முத்துக்குளிப்பு நடைபெற்றது 1961-இல். முத்து நின்றது, பெயர் நிற்கவில்லை. அயலார் இட்ட பெயராயினும் இன்று நாமே அதனை உவந்து சொல்லுகின்றோம்.

சோழியைப் பற்றிச் சிறிது விரித்துச் சொல்லுதல் தகும். பலகறை என்றும் கவடி என்றும் நம் முன்னோர் வழங்கிய இச்சிறுபொருள் நமக்குத் தாயக்கட்டத்திலும் குறிகூறுவாரின் கையிலும் காணும் விளையாட்டுப் பொருள். வங்காளத்திலோ அது நாணயம். நம் கரையின் சங்கு வளையலாகும் பொருட்டு வங்கத்திற்குச் சென்றவாறே, மாலத்தீவின் சோழி காசாகும் பொருட்டு அங்கே சென்றது. 1343-இல் அத்தீவுகளுக்கு வந்து நீதிபதியாகவும் அமர்ந்த இபன் பதூதா, நான்கு இலட்சம் சோழிக்கு ஒரு பொற்காசு என்று விலை கூறுகின்றார். பிற்காலத்தில் ஐரோப்பிய வணிகர் அதே சோழியை மூட்டை மூட்டையாக மேற்கு ஆப்பிரிக்காவிற்குக் கொண்டுசென்று மனிதரை அடிமைகளாக விலைக்கு வாங்கினர். கரையோரத்து மணலிற் பொறுக்கிய பொருள் எங்கோ ஒருவனுடைய உயிருக்கு விலையாயிற்று. சோழி சேர்த்த தீவினர் இதனை அறிந்திருக்கமாட்டார்.

சரக்கினாற் பெயரிட்டவாறே எண்ணினாலும் பெயரிட்டனர். இங்கேதான் தமிழ் வரலாற்றில் நமக்குப் பெரிதும் உரிய செய்தி வருகின்றது. முதலாம் இராசராச சோழன் (985–1014) தன் ஆட்சியின் இறுதியாண்டுகளில் ‘முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்’ என்பதனைக் கைக்கொண்டான் என்று அவன் மெய்க்கீர்த்தி கூறுகின்றது. வரலாற்றறிஞருட் பெரும்பாலோர் இதனை மாலத்தீவென்றே கொள்வர். பன்னீராயிரம் என்பது புலவர் வாய்க்கு வந்த எண் என்று தள்ளிவிடல் ஆகாது. மாலத்தீவின் சுல்தான்களும் தம்மைப் பன்னீராயிரம் தீவுகளின் தலைவர் என்றே விருதுப்பெயரிற் கூறிவந்தனர். வென்றவன் கூற்றும் வெல்லப்பட்ட நாட்டார் கூற்றும் ஒரே எண்ணில் வந்து கூடுகின்றன. உண்மைத் தொகையோ அதிற் பத்திலொரு பங்கு! எண்ணிப் பார்த்தவர் எவருமிலர். ஆயினும் எண் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

‘பழந்தீவு’ என்னும் தொடரும் ஆழ்ந்து நோக்கத் தக்கது. புதிதாகக் கண்ட நிலத்தை எவரும் பழையது என்னார். சோழனுடைய கப்பற்படை செல்லுமுன்னரே நம் கடலோடிகளுக்கு அத்தீவுகள் நெடுநாட் பழக்கமுடையனவாய் இருந்தன என்பதற்கு இப்பெயர் ஒன்றே சான்றாகும் என்பது எம் கருத்து. மன்னர் வெற்றி ஒருமுறை நிகழ்வது. வணிகர் வழி நாள்தோறும் நிகழ்வது. பெயர் சொல்லுவது இரண்டாவதனையே.

ஆயின் அப்பெயர் நம் நாவினின்று மறைந்தது. நிக்கோபாருக்கும் இதுவே நேர்ந்தது. முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி அதனை ‘மாநக்கவாரம்’ என்று குறிக்கின்றது. நாமோ நக்கவாரத்தை மறந்து, ஆங்கில நிலப்படத்திற் கண்ட ‘நிக்கோபார்’ என்பதனை அயற்சொல்லைப் போலக் கற்றுக்கொண்டோம்.

இனி ‘மால’ என்னும் பகுதி யாது? இங்கே கருத்துக்கள் பலவாகப் பிரிகின்றன. மாலைபோல் வரிசையாக அமைந்தமையால் மாலாத்தீவு என்றாயிற்று என்பது பலரும் விரும்பும் விளக்கம். ஈழத்து வழக்கான ‘மாலைதீவு’ அதற்கு இசைவாய் இருக்கின்றது, காதுக்கும் இனிது. மகாவமிசம் கூறும் ‘மகிலாதீபகம்’, அஃதாவது மகளிர் சென்று சேர்ந்த தீவு, என்பதே இதற்கு மூலம் என்பார் வேறு சிலர். இபன் பதூதா இதனைத் ‘தீபத் அல்மகல்’ என்று எழுதி, அரசன் உறையும் தீவு மகல் எனப்படும் என்றார். அதன்படி மாலே என்னும் தலைநகரின் பெயரே நாடு முழுமைக்கும் பரவிற்று என்று கொள்ளலாம். தமிழ் ‘மலை’யோடு இதனை இணைப்பாரும் உளர். கடல்மட்டத்திற்கு மேல் இரண்டரை மீட்டர் உயரமும் இயற்கையாக இல்லாத நிலத்திற்கு மலையினாற் பெயர் வந்தது என்பது நமக்கு நகைப்பையே தருகின்றது.

இவற்றுள் தலைநகரின் பெயர் நாட்டின் பெயராயிற்று என்னும் கொள்கையே எமக்குப் பொருத்தமாகப் படுகின்றது. வணிகன் முதலிற் சென்று வரிசெலுத்தும் இடம் அரசனிருக்கும் தீவு. அவன் ஊர் திரும்பிச் சொல்லும் பெயரும் அதுவாகவே இருக்கும். மாலைபோன்ற அமைப்போ நிலப்படத்தை நோக்குவார்க்குத் தெரிவதேயன்றித் தோணியிலிருந்து நோக்குவார்க்குத் தெரிவதன்று. ஆயினும் இஃது ஐயமற நிறுவப்பட்டதன்று. ‘மாலைபோல் இருத்தலின் மாலத்தீவு’ என்று முடிந்த முடிபாக எழுதும் மாணவர் அதனைக் கருத்தென்று குறித்தல் நன்று.

இத்துணைப் பெயர்களும் வெளியார் இட்டவை. தீவினர் தம் நாட்டை அழைப்பது ‘திவெகி ராஜ்ஜே’ என்று. ‘திவெகி’ என்பதற்குத் தீவினர் என்பதே பொருள். ‘ராஜ்ஜே’ என்பது இராச்சியம். அவர் மொழிக்கும் திவெகி என்றே பெயர். வடமொழித் ‘துவீபம்’ பாகதத்தில் திரிந்து நமக்குத் ‘தீவு’ ஆயிற்று. அவர்க்குத் ‘திவெகி’யிற் கலந்தது. ஆதலின் உரோம ஆசிரியர் கேட்டெழுதிய ‘தீவி’ என்பது வணிகர் பட்டமன்று. அம்மக்கள் தம்மைத் தாமே கூறிக்கொண்ட பெயரோடு நெருங்கியது. கடலைத் தவிர வேறெதனையும் எல்லையாக அறியாதார்க்குத் தீவினர் என்பதற்கு மேல் என்ன பெயர் வேண்டும்?

1887 முதல் பிரிட்டிஷ் பாதுகாப்பிலிருந்த அந்நாடு 1965-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் முழுவிடுதலை பெற்றது. இடையே 1959 முதல் 1963 வரை தென்கோடித் தீவுகள் பிரிந்து ‘சுவாதீவு’ என்னும் பெயரில் தனியரசு நடத்தின. அப்பெயரிலும் ‘தீவு’ இருத்தல் காண்க. 1968-இல் சுல்தான் ஆட்சி நீங்கிக் குடியரசு மலர்ந்தது. அடுத்த ஆண்டில் ஆங்கிலத்தில் அதுகாறும் வழங்கிய ‘மால்டிவ் ஐலண்ட்ஸ்’ என்னும் பெயரிலிருந்து ‘ஐலண்ட்ஸ்’ என்பதனை அரசினர் நீக்கினர். அது மிகச் சரியான திருத்தம். ‘டிவ்’ என்பதே தீவாக இருக்க, அதன்மேல் மீண்டும் ஐலண்ட் என்பது நாம் ‘கேட்டுக் கதவு’ என்பது போன்றதே.

இதனோடு தொடர்ந்த இலக்கணம் ஒன்றுண்டு. தமிழில் ‘மாலத்தீவுகள்’ என்று எழுதுவோர், தீவுகள் பலவாதலின் ‘கள்’ விகுதி வேண்டும் என்பர். அஃறிணைப் பெயர் விகுதியின்றியே ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாய் நிற்கும் என்பது நன்னூலார் கூறும் விதி. ‘மீன் அகப்பட்டது’ என்றாலும் ‘மீன் அகப்பட்டன’ என்றாலும் பெயர் ஒன்றே. வினையே எண்ணைக் காட்டும். ‘பத்துத் தோணி வந்தன’ என்பதிற் குறையொன்றும் இல்லை. சோழர் கல்வெட்டைத் தீட்டியவரும் பன்னீராயிரம் என்னும் பேரெண்ணைச் சொல்லும்போதுகூடத் ‘தீவு’ என்றாரேயன்றித் ‘தீவுகள்’ என்றாரல்லர். ஒருமை வடிவிற் பன்மை அடங்கும் என்பதற்கு இதனினும் பெரிய எடுத்துக்காட்டு வேண்டுமோ?

அஃதன்றியும், நாடு என்பது ஒன்று. ‘மாலத்தீவு விடுதலை பெற்றது’ என்று ஒருமை வினை கொடுத்து எழுதலாம். ‘மாலத்தீவுகள் விடுதலை பெற்றது’ என்றால் பிழை. ‘பெற்றன’ என்றால் ஒவ்வொரு தீவும் தனித்தனியே விடுதலை பெற்றதோ என்னும் ஐயம் எழும். நிலத்தைக் குறிக்க வேண்டுமிடத்து ‘மாலத்தீவின் தீவுகள்’ என்று தெளிவாகச் சொல்லிவிடலாம். மக்களை மாலத்தீவினர் என்றும், மொழியைத் திவெகி என்றும், தலைநகரை மாலே என்றும் எழுதுதல் வேண்டும். ‘மாலைதீவு’ ஈழத்தமிழரின் நிலைபெற்ற வழக்கு. அதனைப் பிழையென்று திருத்தப் புகுதல் நம் வேலையன்று. ஆனால் ஒரே கட்டுரையில் இரண்டினையும் கலந்தெழுதினால் படிப்பவர் இரண்டு நாடென்று மயங்குவர்.

2009-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் நாள் அந்நாட்டு அமைச்சரவை கடலடியில் மூழ்குவோர் உடையணிந்து அமர்ந்து கூட்டம் நடத்திற்று. கடல்மட்டம் உயர்ந்தால் தம் நாடு என்னாகும் என்பதனை உலகினர்க்கு உணர்த்த அவர் கண்ட வழி அது. வேடிக்கை என்று சிரித்தவரும் உண்டு. எண்ணைப் பெயரிற் கொண்ட நாட்டிற்கு அவ்வெண் குறைதல் வேடிக்கையன்று.

இலட்சத்தீவின் செய்தி இதனைத் தெளிவாக்கும். பெயரோ நூறாயிரம் தீவென்று பறைசாற்றுகின்றது. கணக்கில் வந்தவை 36, மக்கள் வாழ்பவை 10. பங்காரம் தீவினருகே பரளி என்னும் திட்டுக்களுள் ஒன்று கடலரிப்பினால் முற்றும் மறைந்தது. முற்காலத்தில் இத்தீவுகளில் ஒரு பகுதி மலையாள மாவட்டத்தோடும் மற்றொரு பகுதி தென்கன்னட மாவட்டத்தோடும் சேர்ந்து சென்னை மாகாணத்திற்கு உட்பட்டிருந்தன. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் ஒன்றியத்து ஆட்சிப்பகுதியாயின. அன்று இட்ட பெயர் இலக்கத்தீவு, மினிக்காய், அமீன்தீவி என்னும் மூன்றனையும் கோத்த நீண்ட பெயர். 1973-இல் அதனைச் சுருக்கி இலட்சத்தீவு என்னும் பொருளுடைய வடமொழிப் பெயரை இட்டனர். சுருங்கியது நன்றே, எனினும் அச்சுருக்கத்தில் மினிக்காய் என்னும் பெயர் தலைப்பினின்று நீங்கிற்று.

அத்தீவினர் தம் ஊரை ‘மலிக்கு’ என்பர். அவர் பேசுவது மலையாளமன்று; மாலத்தீவினரின் மொழியே. இந்தியாவில் அதற்கு ‘மகல்’ என்று பெயர். இபன் பதூதா கேட்ட அதே சொல், அறுநூற்றெண்பது ஆண்டு கழித்து, நம் நாட்டுப் பதிவேடுகளில் ஒரு மொழியின் பெயராக இருக்கின்றது! மலிக்குவிற்குத் தெற்கே கடலோடிகள் எட்டுப்பாகைக் கால்வாய் என்று வழங்கும் நீர்ப்பரப்பு; அதற்கப்பால் மாலத்தீவின் வடகோடி. 1976-இல் இரு நாட்டினரும் கடல் எல்லையை வகுத்துக்கொண்டனர்.

எல்லை நீரின்மேல் வகுக்கப்பட்டதாயினும் சொற்கள் அதனைக் கடந்து செல்லுகின்றன. நம் தோணியை மாலத்தீவினரும் தோணி என்றே கூறுவர். அவர் மொழியில் மீனுக்கு ‘மஸ்’ என்று பெயர். சூரைமீனை அவித்து, புகையூட்டி, வெயிலில் மரக்கட்டைபோல் உலர்த்தும் முறை அத்தீவுகளுக்கே சிறப்பானது. ‘குல்ப் அல்மாஸ்’ என்று இபன் பதூதா குறித்து, இந்தியாவிற்கும் சீனத்திற்கும் ஏமனிற்கும் ஏற்றுமதியாவதாகச் சொன்னதும் இதுவே. தூத்துக்குடிக் கடைத்தெருவில் அதனை வாங்குவோர் ‘மாசி’ என்று கேட்பர். மாசித் திங்களுக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. திங்களின் பெயரென்றே எண்ணி, மாசியில் மட்டும் கிடைக்கும் கருவாடோ என்று வெளியூரார் வினவுதல் உண்டு. கடைக்காரர் ஆண்டு முழுவதும் கிடைக்கும் என்று சொல்லி நிறுத்துக் கொடுப்பர்.